மலையில் வந்த புதுத்தண்ணீர்

சாமியைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று பயந்து, பல வருஷம் இதை எழுதாமலே இருந்தேன்.

எனக்கு மன்னார்குடி பக்கம். வரப்பைத் தவிர வேறு மேடு ஏறியதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் என்கூட வேலை பார்த்த லதாவும் பானுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். ஏறும்போதே எனக்குத் தொடை நடுங்கியது.

"மெதுவா வாங்கக்கா, சிவன் எங்கயும் போயிட மாட்டாரு" என்று பானு சிரித்தாள்.

தரிசனம் முடிந்து இறங்கும்போது மேலே எங்கோ இடியோடு மழை பெய்தது. வழியில் கணுக்கால் அளவு ஓடை. அவர்கள் இருவரும் தாண்டிவிட்டார்கள். நான் நடுவில் இருந்தபோது செம்மண் நிறத்தில், நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்தது. எங்கள் ஊர் ஆற்றில் அணை திறந்ததும் புதுத்தண்ணீர் அப்படித்தான் வரும். இறங்கி நின்று கும்பிடுவோம். நானும் குனிந்து, "தாயே" என்று அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டேன்.

"அக்கா, கும்பிடாதீங்க, ஓடியாங்க!" என்று லதா அலறினாள்.

நிமிர்வதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. காலடியில் பாறை நழுவியது. கத்த வாய் திறந்தால் வாயெல்லாம் சேறு. ஊரில் விட்டுவந்த மகளை இனிப் பார்க்கமாட்டேன் என்றே நினைத்தேன். அப்போது லதா பாய்ந்து என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள்.

அம்மனே வந்து தூக்கினாள் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் இன்றும் தண்ணீரைக் கும்பிடுகிறவள்தான். ஆனாலும் இதை யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்: அன்று என்னைப் பிடித்தது லதாவின் கை.