சிமெண்ட் வளைந்து போகும் இடம்

மாட்டுப் பொங்கல் அன்று மாலை, கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பும் ரயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பந்தயம் நாளை, காணும் பொங்கல் அன்று காலை பத்து மணிக்கு. அதற்குள் இதைப் படித்துவிட்டால் உங்களுக்குப் பயன்படும்.

நான் போனதற்குக் காரணம் காக்களூரில் என்னோடு வேலை செய்பவர்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் நடக்கும் இந்தக் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதில்லை. நோட்டை எடுத்தால் விழாக் குழுவே வெளியே அனுப்பிவிடும். இங்கே கட்டுவது நைட் ஷிப்ட். ஒரே கம்பெனியில் வேலை செய்யும் இரண்டு பேர், ஆளுக்கொரு குதிரையைச் சொல்வார்கள். ஜெயித்தவருடைய நைட் ஷிப்டைத் தோற்றவர் பார்க்க வேண்டும். "எத்தனை நைட்?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் பிரிவில் ஒருவர் நான்கு நைட் கட்ட நினைத்திருக்கிறார், அதுவும் குதிரையின் முகத்தைக்கூடப் பார்க்காமல். நீதான் ஊர் ஊராகப் போய் எழுதுகிறாயே, முதல் நாளே போய்ப் பார்த்துச் சொல் என்றார்கள்.

திருவள்ளூரில் காலை 6.15க்குப் பேருந்து. பெரியபாளையத்தில் இறங்கி மாற வேண்டும். பண்டிகை நாள் என்பதால் அங்கே நாற்பது நிமிடம் நின்றேன். கும்மிடிப்பூண்டிக்கு 8.20. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய். சாதாரண நாளில் முப்பதுதான். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஸ்டாண்டில் "ரேஸ் லேஅவுட்" என்று சொன்னால் போதும்.

"ரேஸு நாளிக்குதாம்மா. இன்னிக்கே இன்னாத்துக்கு வர்றே?" என்றார் ஓட்டுநர்.

"குதிரையைப் பாக்கத்தாண்ணா."

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது? கண்ண மூடிக்கினு சிமெண்ட் மேல கட்டு. மத்த குதிரைய ஒருத்தர் ஓட்டறாங்க. அத ரெண்டு பேரு ஓட்டறாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு மீதியைச் சொன்னார். சிமெண்ட் என்பது ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரை. போன வருடப் பந்தயத்தில் அதை ஓட்டியவர் அதன் சொந்தக்காரர் குமார். வளைவில் குதிரை மிரண்டு குமாரைத் தூக்கி எறிந்தது. கயிறு கட்டியிருந்த முளைக்கம்பின் மேல் விழுந்து அங்கேயே இறந்துபோனார். அதிலிருந்து எந்தக் குதிரையைக் கூட்டிப்போனாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. சிமெண்ட் மட்டும் நிற்பதில்லை.

"ஓனரப் பாத்து அது ஏன் பயப்படப் போவுது?" என்றார்.

பந்தயத் தடம் விற்காமல் கிடக்கும் ஒரு மனைப்பிரிவுக்குள் இருக்கிறது. மஞ்சள் பூசிய மனைக்கற்களுக்கு நடுவே எழுநூறு மீட்டர் மண் சாலை. நானூற்றைம்பதாவது மீட்டரில், மூடிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலையின் மதிலை ஒட்டி இடது பக்கம் வளைகிறது. நான் போனபோது பனி முழுசாக விலகவில்லை. தடத்தை ஒருமுறை நடந்து பார்த்தேன். புல்லெல்லாம் ஈரம், செருப்பு நனைந்துவிட்டது. வளைவின் உள்பக்கத்தில், கிட்டத்தட்ட ஒரு அறை அகலத்துக்கு மட்டும், புல் உலர்ந்திருந்தது. அதன்மேல் மூன்று நாய்கள் சுருண்டு படுத்திருந்தன. மற்ற இடமெல்லாம் காலியாக இருக்க, மூன்றும் ஒன்றையொன்று தொட்டபடி அங்கே. நான் பக்கத்தில் போனதும் தலையைத் தூக்கின. குரைக்கவில்லை. அதற்கு மேல் நடக்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சிமெண்ட்டைப் பார்த்துக்கொள்வது குமாரின் மனைவி செல்வி. முப்பது வயது இருக்கும். தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை. லைன் வீடுகளுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று கேட்கும் முன்பே, "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டு இரண்டு இட்லியும் முந்தின நாள் பொங்கலும் வைத்தார்.

நாளை குதிரையை ஓட்டப்போவது குமாரின் தம்பி அன்பு. போர்க்லிப்ட் ஓட்டுபவர், இருபத்து நாலு வயது. உள்ளே வந்ததும் அண்ணி முகத்தைப் பார்த்தே எதைப் பற்றிப் பேச்சு என்று புரிந்துகொண்டார்.

"இவங்க கிட்டயும் ஆரம்பிச்சிட்டியா அண்ணி?"

"ஆமாண்டா. ஒரு ஊட்டுல ஒருத்தர் போனது பத்தாதா? ஓட்டாதன்னு காலைலேர்ந்து சொல்லிக்கினு கீறேன்."

"நான் ஓட்டலன்னா இன்னா சொல்வானுங்க தெரியுமா? அண்ணனுக்கே தம்பி பயந்துட்டான்னு சொல்வானுங்க. என் ஷிப்ட்ல பாதி பேரு என்மேல நைட்டு கட்டிக்கீறான்."

"கட்டனவன வந்து ஓட்டச் சொல்லு."

"அவனுங்க ஸ்கூட்டிய ஸ்டாண்டு போட்டு நிறுத்தவே ததிங்கிணத்தோம் போடறவனுங்க, அண்ணி."

செல்வி சிரித்துவிட்டார். பிறகு எழுந்து குதிரையின் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்.

அப்போது என் பயணத்தின் நோக்கம் மாறிவிட்டது. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று பார்க்க வந்தவள், இந்தப் பையன் நாளை மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவானா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

பந்தயத்துக்கு முதல் நாள் மதியம் 3.30க்கு "தடம் காட்டுவது" என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஓடப்போகும் ஒவ்வொரு குதிரையையும் ஆள் ஏறாமல் தடம் முழுக்க ஒருமுறை நடத்திக் கூட்டிப்போவார்கள். கயிறு தளர்வாக இருக்க வேண்டும், இழுக்கக் கூடாது. குதிரையாக வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நைட் கட்டுபவர்கள் இரு பக்கமும் நின்று காதையும் காலையும் பார்ப்பார்கள். தடத்தின் ஓரக் கயிறு அன்றைக்குக் கட்டுவதில்லை, பந்தயத்தன்று விடியற்காலையில்தான் முளையடிப்பார்கள்.

என் கைப்பேசியை வளைவுக்கு எதிரே ஒரு மனைக்கல்லின்மேல் நிறுத்தி வீடியோப் படம் எடுத்தேன். நான்கு குதிரைகள். நடை பார்த்ததும், விசாரித்ததும் சேர்த்து என் கணிப்பு இது. ராக்கெட், பழுப்பு நிறம். கிளம்பும்போது வேகம், ஐந்நூறு மீட்டருக்கு மேல் மூச்சு வாங்கும் என்கிறார்கள். ஒத்தக்கண்ணன் என்பதற்கு இடது கண் தெரியாது, வளைவு இடது பக்கம் என்பதால் அகலமாகச் சுற்றி நேரத்தை இழக்கும். துரை, வெள்ளை நிறம், கடற்கரையில் சவாரி போன குதிரை, பார்க்க ராஜா. ஆனால் மேளச் சத்தம் ஆகாது, நாளைக்கு மேளம் உண்டு.

மூன்றும் வளைவுக்கு வந்தன. மூன்றும் நாய்கள் படுத்திருந்த இடத்துக்கு இரண்டடி முன்னால் நின்றன. கனைக்கவில்லை, மிரளவில்லை. வாசலில் யாரோ நிற்கும்போது நாம் நிற்போமே, அப்படி நின்றன. பிறகு பின்வாங்கி, சுற்றிக்கொண்டு போயின. கூட்டத்தில் ஒருவர் செருப்பைக் கழற்றினார்.

கடைசியாகச் செல்வி சிமெண்ட்டைக் கூட்டிவந்தார். நிற்காமல், வேகம் குறையாமல் அது கடந்துபோனது. நாய்கள் மூன்றும் எழுந்து, குதிரையோடு நாலடி நடந்து, திரும்பி வந்து படுத்தன. "போதுமா?" என்றார் எனக்குப் பக்கத்தில் இருந்தவர், தன் நண்பரிடம். "ரெண்டு நைட்டு எழுதிக்கோ."

கூட்டம் டீக்கடைக்குக் கலைந்த பிறகு படத்தை ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். நேரில் பார்க்கும்போது எல்லோரும் குதிரை நிற்கிறதா, இல்லையா என்று மட்டும்தான் பார்க்கிறோம். படத்தில் தெரிந்தது வேறு. சிமெண்ட் அந்த இடத்தின்மேல் நடக்கவே இல்லை. பத்தடி முன்பாகவே வெளிப்பக்கம் ஒதுங்கி, ஒரு சின்ன வளைவு போட்டு, தாண்டியதும் மறுபடி உள்ளே வருகிறது. மற்றவை வந்து நின்றுவிட்டுச் சுற்றுகின்றன. சிமெண்ட்டுக்கு அந்த இடம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

செல்வியிடம் காட்டினேன்.

"நா இழுக்கலம்மா. அதுவா போச்சு."

"அதான்க்கா. நாளைக்குக் கயிறு எங்க கட்டுவாங்க?"

அவர் வெறுங்காலோடு எழுந்து நடந்தார். நான் பின்னால் போனேன். முளைக்குழிகள் போன வருடத்தவையே இருந்தன. வெளிப்பக்கக் குழிக்கும் மதில் பக்கக் குழிக்கும் நடுவே தடம் அங்கே ஒடுங்குகிறது. சிமெண்ட் ஒதுங்கிப் போன குளம்படிகள் எல்லாம் வெளிப்பக்கக் குழிகளுக்கு அந்தப்புறம் இருந்தன. நாளை அதற்கு ஒதுங்க இடமே இருக்காது.

"போன வருஷம் உள் ஓரமா வந்தது அவரு மட்டும்தான்," என்றார் செல்வி. முளைக்குழியைக் காலால் தடவிவிட்டு, "குதிரை மிரளல. ஒதுங்க எடமில்லாம நின்னுக்கீது" என்றார்.

விழாக் குழுத் தலைவரை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயதுக்காரர், லாரி வைத்திருப்பவர். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"இன்னா செல்வி பேஜாரு பண்றே. கயிறு இல்லன்னா ஜனம் தடத்துல வந்து நிக்கும். அப்ப இன்னொரு உயிரு போனா யாரு பதில் சொல்றது?"

"கயிறு வேணாங்கல நைனா. நாளிக்குக் கட்டற கயித்த இப்பவே கட்டு. சிமெண்ட்ட இன்னொரு தபா காட்டறேன். நடந்து போச்சுன்னா, அன்பு ஓட்டட்டும். நான் வாயே தொறக்கல."

அன்பு சுத்தியலை எடுத்து முதல் முளையை அவரே அடித்தார்.

ஐந்து மணிக்கு வளைவில் மட்டும் இரு பக்கமும் கயிறு கட்டினார்கள். டீக்கடையிலிருந்து கூட்டம் திரும்பி வந்தது. மதிலின் நிழல் தடத்தின்மேல் விழுந்திருந்தது. செல்வி தளர்ந்த கயிற்றோடு சிமெண்ட்டை நடத்தி வந்தார். குதிரை வழக்கம்போல் பத்தடி முன்பாக வெளிப்பக்கம் திரும்பியது. மார்பில் கயிறு பட்டது. திரும்பி நேராகப் பார்த்தது. பிறகு நின்றது. தோல் முழுக்க அலை அலையாக நடுங்கியது. இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு சத்தமில்லாமல் நடுங்கி நான் பார்த்ததில்லை.

மண்ணைக் குத்திப் பார்க்க நைனா கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். நாய்களை விரட்டினார்கள். அன்பு, மதில் பக்கம் கெட்டி மண்ணில் நின்றபடி கையை நீட்டிக் கடப்பாரையைக் குத்தினார். ஓங்கிக் குத்தவில்லை. அது பிடித்திருந்த கை வரைக்கும் உள்ளே போனது. தயிருக்குள் கரண்டி போவதுபோல. வெளியே இழுத்தபோது கையை உதறிக்கொண்டு கீழே போட்டார். கொஞ்சம் ஆறியதும் நானும் கடப்பாரையைத் தொட்டுப் பார்த்தேன். இப்போதுதான் யாரோ பிடித்துவிட்டுக் கொடுத்ததுபோலச் சூடு.

மனை போடுவதற்கு முன் அங்கே ஒரு பள்ளம் இருந்ததாம். எதையோ கொட்டி மூடியிருக்கிறார்கள். எதை என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அது உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது, மேலே ஒரு சாண் மண். நாயைத் தாங்கும். ஆள் ஏறிய குதிரை பாய்ந்து வந்தால் தாங்காது.

அரை மணி நேரத்தில் வளைவை மதிலிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளிப் புதிதாக அமைத்தார்கள். பழைய இடத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டார்கள். நான்கு குதிரைகளுக்கும் மறுபடி தடம் காட்டினார்கள். ராக்கெட், ஒத்தக்கண்ணன், துரை மூன்றும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயின.

சிமெண்ட் மட்டும், பழைய இடத்துக்கு நேர் எதிரே வந்ததும் நின்றது. பதினைந்து மீட்டர் தூரம், நடுவில் முள். இந்த முறை நடுக்கம் இல்லை. தலையைத் திருப்பி மதில் பக்கம் பார்த்து, காதை முன்னே நீட்டிக்கொண்டு காத்திருந்தது. முள்வேலிக்குப் பின்னால் நாய்கள் மூன்றும் எப்படியோ திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன. அவையும் அதே பக்கம்தான் பார்த்தன. அங்கே ஒன்றும் இல்லை. நான் நன்றாகவே பார்த்தேன்.

நேரம் பார்த்தேன். பதினோரு விநாடி. செல்வி கழுத்தைத் தட்டி, "வா, போலாம்" என்றார். குதிரை நடந்தது.

"நாளிக்கும் நிக்கும் போலக்கீதே," என்றார் நைனா.

"நிக்கட்டும்," என்றார் அன்பு. "நின்னுட்டே போறோம். இன்னா அண்ணி?"

செல்வி கயிற்றை அவர் கையில் கொடுத்தார். காலையிலிருந்து முதல்முறையாக அவரை ஓட்டாதே என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று கவரைப்பேட்டை தாண்டும்வரை யோசித்தேன். சூட்டுக்குக் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். குதிரைகள் நின்றதற்கும் அதுதான் காரணம். அந்தப் பதினோரு விநாடிக்கு என்னிடம் காரணம் இல்லை. தேடவும் தோன்றவில்லை.

நாளை போகிறவர்களுக்கு. கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலில் வருவது நல்லது, பேருந்தை நம்ப வேண்டாம். ஒன்பதரைக்குள் இடம் பிடியுங்கள். தண்ணீரும் தொப்பியும் கொண்டு போங்கள், நிழல் கிடையாது. முள் போட்டிருக்கும் பக்கம் காலை வைக்காதீர்கள். நாய் படுத்திருக்கிறது என்று நம்பி நீங்களும் போகாதீர்கள். ஜெயிக்கப்போவது ராக்கெட். புது வளைவு அகலமானது, மூச்சு வாங்கினாலும் தாக்குப்பிடிக்கும். இரண்டாவது ஒத்தக்கண்ணன். துரையை மேளம் பார்த்துக்கொள்ளும். சிமெண்ட் கடைசியாகத்தான் வரும். அதன்மேல் ஒரு நைட்கூடக் கட்டாதீர்கள்.

ஆனால் வளைவில் அது நிற்கும்போது விசில் அடிக்காதீர்கள், விரட்டாதீர்கள். பதினோரு விநாடிதான். நீங்களும் பேசாமல் நின்றுகொள்ளுங்கள்.