நீல டப்பாவும் ஒன்பது வருடத் தூதும்

என் கணவர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதை வைத்து யாரும் அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவரைத் தப்பாக நினைக்கும் உரிமை எனக்கு மட்டும்தான்.

அவருக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. காலையில் ஒரு டார்ச்சும் கொக்கி வைத்த கம்பியும் எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஒரு நாளைக்கு நூறு வீடு. தரையில் பதித்த இரும்பு மூடியைக் கம்பியால் தூக்க வேண்டும், முட்டி போட்டுக் குனிய வேண்டும், கரப்பான்பூச்சிகளை விலக்கி எண்ணைப் படிக்க வேண்டும், மூடியை இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். பாதி வீடுகளில் நாய். அதனால் பூனை நடை, பூனைக் குரல். வீட்டிலும் அதே குரல்தான். சமையலறையில் குழாய் திறந்திருந்தால் அவர் பேசுவதில் பாதிதான் என் காதில் விழும். மீதியை ஊகித்துக்கொள்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் காபிதான் கேட்பார்.

நாள் முழுக்க மூடி திறக்கிற மனிதர் விடுமுறையில் என்ன செய்வார்? மூடி திறப்பார். அதற்கு ஜியோகேஷிங் என்று பெயராம். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, இருக்கும் இடத்தை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே ஒரு தாள் இருக்கும். அதில் புனைபெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப ஒளித்து வைக்க வேண்டும். விஷயம் தெரியாதவர்கள் கண்ணில் படக் கூடாது. டப்பாவுக்குள் குட்டிக் குட்டிப் பொம்மை, சாவிக்கொத்து என்று ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்பில் ஒன்றை வைக்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. பரிசு கிடையாது, பாராட்டு கிடையாது. இதற்காக நாற்பது வயது மனிதர் புதருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு டப்பாக்கள். அவருடைய புனைபெயர் 'ஆமை'. பொருத்தமான பெயர்தான். ஒரு டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டு வரும்போது அந்த முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் திட்ட வந்த வாய் தானாக மூடிக்கொள்ளும்.

எங்கள் ஆறு வயது மகளும் இந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாள். அவளை நாங்கள் வாலு என்று கூப்பிடுகிறோம். காரணம் கேட்பவர்களிடம் ஒரு மணி நேரம் அவளை ஒப்படைத்தால் போதும்.

இனி என் அப்பா. முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் மிஷின் ஓட்டியவர். அந்த இரைச்சலில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் கத்திப் பேசியே வளர்ந்தோம். நாலு வருடத்துக்கு முன்னால்தான், ஆயிரம் முறை மாட்டேன் என்ற பிறகு, இடது காதுக்கு மிஷின் போட்டுக்கொண்டார். வலது காது அதற்குள் முழுக்கப் போய்விட்டிருந்தது.

கல்யாணமாகி ஒன்பது வருடமாக அப்பா என் கணவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "உன் வீட்டுக்காரர் சாப்பிட்டாரா?" என்று என்னிடம் கேட்பார். இவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். இவர் ஏதாவது சொன்னால் "ம்" என்று ஒரு தலையாட்டல், அவ்வளவுதான், பார்வை என் பக்கம் திரும்பிவிடும். மாப்பிள்ளை பெரிய உத்தியோகத்தில் இல்லை என்ற குறை என்று நான் முடிவு கட்டினேன். எனக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. முகத்தைப் பார்த்தே யாருக்கு எந்தப் பல் வலி என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்பவள். அப்பா முகத்தில் இருப்பது அலட்சியம் என்று எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. "மாமாவுக்கு என் மேல என்ன கோபம்?" என்று இவர் கேட்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். ஒன்பது வருடம் இவர் சொல்வதை அங்கேயும் அவர் சொல்வதை இங்கேயும் கொண்டுபோய்க் கொடுத்து என் நாக்கு தேய்ந்துவிட்டது.

அதற்காகத்தான் இந்த இரண்டு நாள் கேளிக்கைப் பூங்காப் பயணத்தையே ஏற்பாடு செய்தேன். ராட்டினத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் பயத்திலாவது பேசிக்கொள்வார்கள் என்று ஒரு கணக்கு. ஒரே ஒரு முறை அப்பா இவரை நேராகப் பார்த்து 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. கிளம்பும் முன் கணவரிடம் சத்தியமே வாங்கினேன்.

"பூங்காவுக்குள்ள டப்பா கிப்பான்னு அலையக் கூடாது. அப்பா கூட இருக்கணும். சரியா?"

"சரி," என்றார். இவ்வளவு சுலபமாகச் சரி என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் நாள் காலையிலேயே என் கணக்கு தப்பியது. தண்ணீரில் சறுக்கி விழுகிற படகைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சின்னப் பிள்ளை ஆசை வந்துவிட்டது. வாலுவுக்கு உயரம் போதவில்லை. யாராவது அவளுடன் நிற்க வேண்டும். இவர் நின்றுவிட்டார். கண்ணாடி, போன், காது மிஷின் எதையும் வைத்துக்கொண்டு ஏறக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். அப்பா மிஷினைக் கழற்றி நீல நிற வட்ட டப்பாவில் வைத்து என்னிடம் கொடுத்தார். நான் என் கைப்பையில் போட்டுப் பையை இவரிடம் கொடுத்தேன். "பத்திரம்" என்று இரண்டு முறை சொன்னேன். வரிசை பாம்பு போல வளைந்து வளைந்து போனது. நாங்கள் படகில் ஏறி, கத்தி, நனைந்து, வெளியே வர ஒன்றேகால் மணி நேரம்.

அப்பா தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டே வந்து இடது கையை நீட்டினார். நான் பையைத் திறந்தேன். நீல டப்பா இல்லை. பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். சீப்பு, மாத்திரை, பிஸ்கட் தூள். டப்பா மட்டும் இல்லை.

"எங்கங்க வச்சீங்க?"

இவர் முழித்தார். வாலுதான் பதில் சொன்னாள், ஐஸ் குச்சியை நக்கிக்கொண்டே. "நான்தான் வச்சேன், அந்த டப்பாவுக்குள்ள. திசை காட்டுற குட்டிக் கடிகாரம் எடுத்தேன்ல, அதுக்குப் பதிலா."

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. நாங்கள் வரிசையில் நின்ற நேரத்தில் இவர் போனைப் பார்த்திருக்கிறார். நூற்று நாற்பது மீட்டரில் ஒரு டப்பா. திரும்பி உள்ளே வருவதற்குக் கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே போயிருக்கிறார்கள். வண்டிகள் நிறுத்துகிற இடத்தின் கடைசியில், வேலியோரம், கற்களுக்கு அடியில் கிடைத்திருக்கிறது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று இவர் காவல் நிற்க, என் கைப்பையும் பொருள் மாற்றுகிற பொறுப்பும் வாலுவிடம்.

"பூங்காவுக்குள்ள தேட மாட்டேன்னுதானே சொன்னேன்? அது கேட்டுக்கு வெளியில," என்றார் மெல்ல.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஏண்டி, தாத்தா மிஷினைப் போயா வைப்பே?"

"எடுத்ததை விட உசத்தியா வச்சா ரொம்ப நல்லதுன்னு அப்பா சொன்னாரு. தாத்தா மிஷின்தான் நம்ம வீட்டுலயே ரொம்ப உசத்தின்னு நீதானே சொல்லுவே, தொடாதே தொடாதேன்னு?"

என் வாய்தான் எனக்கு எதிரி.

"என்னம்மா ஆச்சு?" என்று அப்பா கத்தினார். காது கேட்காதபோது அவர் பேசினால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தார்கள். மாப்பிள்ளை விளையாட்டுக்கு உங்கள் காதைத் தொலைத்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? அதுவும் அத்தனை பேர் முன்னால், கத்தி?

அப்போது இவர் சட்டைப் பையிலிருந்து டப்பா கணக்கு எழுதுகிற குறிப்பேட்டை எடுத்தார். ஒரு பக்கத்தில் எழுதி அப்பாவிடம் நீட்டினார். எட்டிப் பார்த்தேன். "மாமா, உங்கள் மிஷின் என் கவனக்குறைவால் கைமாறிவிட்டது. தப்பு என்னுடையது, குழந்தையுடையது இல்லை. இருக்கும் இடம் தெரியும். போய் எடுத்து வருகிறேன்."

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட் பக்கம் கையைக் காட்டி, முதல் ஆளாக நடந்தார்.

வேலியோரம் இவர் முட்டி போட்டுக் கல்லை விலக்கினார். டப்பா இருந்தது. மூடியைத் திறந்தார். ஒரு பொம்மைத் தவளை, இரண்டு பொத்தான், ஒரு சாவி வளையம். நீல டப்பா இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த தாளை உறைக்கு மேலிருந்தே படித்தார். 'ஆமை' என்பதற்குக் கீழே, தாளின் கடைசி வரியில், 'இரட்டைக்குடை' என்று புது மை. இன்றைய தேதி.

"யாரோ வந்து போயிருக்காங்க," என்றார். குரலே எழும்பவில்லை. அந்த இரட்டைக்குடைக்குப் போனில் செய்தி அனுப்பினார். பதில் இல்லை. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன். இனி ஒன்பது வருடமென்ன, தொண்ணூறு வருடமானாலும் அப்பா இவரிடம் பேசப்போவதில்லை என்று தோன்றியது. வாலு அந்தக் குட்டிக் கடிகாரத்தைச் சத்தமில்லாமல் டப்பாவுக்குள் திரும்பப் போட்டாள்.

அப்பா குனிந்து உறையை வாங்கினார். தாளை வெளியே உருவினார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார். அந்த நேரத்திலும் தாளின் தரம் பார்க்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"வழவழப்புத் தாள். மை ஒட்டாது," என்று கத்தியபடியே தாளைத் திருப்பினார். முப்பத்தைந்து வருடப் பழக்கம். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எந்தத் தாளையும் அவர் கீழே வைத்ததில்லை. பின்பக்கம் நிறைய எழுதியிருந்தது. அதை வாகன நிறுத்தம் முழுக்கக் கேட்கிற மாதிரி அப்பா வாசித்தார்.

"ஆமைக்கு. இது விளையாட்டுப் பொருள் இல்லை என்று நினைக்கிறோம். யாரோ இப்போது ஒன்றும் கேட்காமல் நின்றுகொண்டிருப்பார்கள். இங்கே விட்டுவிட்டுப் போக மனமில்லை. வாசலில் தொலைந்த பொருள் வாங்குகிற இடத்தில் கொடுத்திருக்கிறோம். இரட்டைக்குடை."

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முகம் தெரியாத அந்த இரண்டு குடைகளும் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஓடினோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் லேசில் கொடுப்பவளாக இல்லை. "அடையாளம் சொல்லுங்க. எந்தக் காது? என்ன நிறம்?"

"இடது காது. காபி நிறம். பேட்டரி மூடிக்குப் பக்கத்துல ஒரு கீறல்," என்றார் இவர். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "உள்பக்கம் நம்பர் ஏழு நாலு ஒண்ணு பூஜ்யம் ஒன்பது ரெண்டு."

அவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். நானும் இவரைப் பார்த்தேன்.

"போன வருஷம் ரிப்பேருக்குக் கொண்டு போனேன்ல, அப்பப் பார்த்தது," என்றார், அசடு வழிந்துகொண்டு. மீட்டர் பார்க்கிறவர் கண்ணில் ஒருமுறை பட்ட எண் எங்கே போகும்?

அப்பா மிஷினை மாட்டினார். கீச்சென்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. தலையை ஆட்டினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் பக்கத்தில் வந்து, வழக்கமான பூனைக் குரலில், "மன்னிச்சிருங்க மாமா," என்றார்.

அப்பா "ம்" என்று தலையாட்டவில்லை. என்னைப் பார்த்தார். "என்னம்மா சொல்றாரு?"

"மிஷின் வேலை செய்யலையாப்பா?"

"அதெல்லாம் நல்லா வேலை செய்யுது. நீ பேசறது கேக்குது, குட்டி பேசறது கேக்குது. இவர் பேசறதுதான் என்னைக்குமே கேட்டதில்ல." அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முதல் தடவ நம்ம வீட்டுக்கு வந்தாரே, அன்னைக்கே கேக்கல. என்ன என்னன்னு எத்தனை தடவதான் கேக்கறது? செவிட்டு மாமனாருன்னு நெனச்சிருவாரோன்னு கூச்சமா இருந்துது. சும்மா தலையாட்டி வச்சேன். அப்படியே பழகிப்போச்சு. இன்னைக்கு எழுதிக் குடுத்தாரு பாரு, அவர் பேசி நான் முழுசாப் புரிஞ்சுகிட்டது அதுதான் முதல்."

ஒன்பது வருடம் நான் அலட்சியம் என்று படித்த முகத்தில் இருந்தது வெறும் கூச்சம். பல் வலி கண்டுபிடிக்கிறவளாம் நான்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. மார்பில் ஏற்றிவைத்திருந்த பாரத்தை யாரோ இறக்கியது போல் இருந்தது. இவர் நிலைமையோ அதைவிட மோசம், கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடி, குறிப்பேட்டால் துடைத்துக்கொண்டார்.

அப்பா இவர் பக்கம் திரும்பினார். நேராக, என்னைத் தாண்டாமல்.

"இந்த டப்பா தேடறது நல்லாத்தான் இருக்கு. அடுத்தது எங்க இருக்கு, மாப்பிள்ளை?"

இவர் போனை எடுத்துப் பார்த்தார். மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்பது வருடக் குடித்தனத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டிராத குரலில் கத்தினார்.

"பின்பக்கம் மாமா! இருநூத்திப் பத்து மீட்டர்!"

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் துள்ளி எழுந்தாள். ஒரு குழந்தை அழுதது.

"எதுக்கு மாப்பிள்ளை இப்படிக் கத்தறீங்க?" என்றார் அப்பா. "இப்பதான் கேக்குதே."

இருவரும் நடந்தார்கள், நடுவில் வாலு. வழியெல்லாம் இவர் கத்திக்கொண்டே போனார், அப்பாவும் கத்தித்தான் பதில் சொன்னார். போகிறவர்கள் ஏதோ சண்டை என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் கூடப் போகவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஈரச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டேன். அவர்களுக்கு நடுவில் எனக்கு இனி ஒரு வேலையும் இல்லை. அப்பாடா.