ஒரே வரியில் ஏழு ரெப்போக்களைத் திறந்த பராக்கிரமம்

போடிநாயக்கனூரில் இன்று முற்பகல் ஒரு மகாயுத்தம் முடிந்தது. வென்றது அடியேன்.

எங்கள் ஆபீசில் ஏலக்காய் வியாபாரிகள் ஏழு பேருக்குப் பில் போடும் புரோகிராம் எழுதுகிறோம். ஆளுக்கொரு ரெப்போ, அந்தப் புரோகிராமின் பழசு, புதுசு எல்லாம் அதில்தான் இருக்கும். ஏழும் என் பொறுப்பிலுள்ள சர்வரில். நேற்று புது சர்வருக்கு மாற்றியதிலிருந்து ஒன்றுதான் திறந்தது.

சிலமலையில் வீட்டிலிருந்தே அந்தப் புரோகிராம்களை எழுதும் எங்கள் ஆபீஸ் சரசு போனில் கொதித்தாள்.

"அண்ணே, மதியத்துக்குள்ள தெறக்கலைன்னா ஏழையும் வெளியூரு சர்வருக்குக் கொண்டு போயிருவேன். நீங்க அந்தப் பொட்டியத் தொடச்சுக்கிட்டுக் கெடங்க."

மேற்குத் தொடர்ச்சி மலையையே பெயர்க்கும் வேகத்தில் செட்டிங்ஸைத் தோண்டினேன். ஒரு ரெப்போவின் முகவரியை மட்டும் எழுதியிருக்கிறேன்! குடோனுக்கு வழி கேட்டவனிடம் ஒரு மூட்டையைக் காட்டியிருக்கிறேன்.

ஏழும் இருக்கும் ஃபோல்டரின் முகவரியைச் சேர்த்தேன். பழைய வரியும் ஒரு ஓரமாக இருக்கட்டும் என்று விட்டேன். இரண்டில் எதைக் கேட்பது என்று சர்வர் எழுந்திருக்கவே மறுத்துவிட்டது.

"தெறந்த ஒண்ணும் போச்சாண்ணே?"

பழைய வரியை வெட்டி வீழ்த்தினேன். ஏழும் திறந்தன. குரங்கணி வரைக்கும் வெற்றி முரசு கேட்டிருக்கும்.

சற்று நேரத்தில் சரசு மறுபடி கூப்பிட்டாள்.

"அந்த ஃபோல்டர்ல எட்டாவதா ஒண்ணு போட்டேண்ணே, செட்டிங்ஸைத் தொடாமலே தானாத் தெறக்குது. முன்னெல்லாம் புதுசு போட்டா உங்களத்தான் கூப்பிடணும். இனிமே உங்களுக்கு என்ன சோலி?"

வென்ற கையோடு தன் வேலையைத் தானே ஒழித்துக்கொண்ட மாவீரர்கள் உங்களில் வேறு யாராவது உண்டா? கை தூக்குங்கள், சங்கம் வைப்போம்.