ஈயம் பிடித்த களிமண்

எழுபதுகளின் நடுவில் நான் தெல்லிப்பழைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்களுடையது பங்குக் கிணறு. மற்றப் பங்காளி, அடுத்த வளவில் பழைய கார்ப் பற்றறிகளை உடைத்து ஈயம் உருக்குகிறவர். பற்றறிக்குள் இருந்த அமிலத்தைக் கிணற்றடியிலேயே ஊற்றிவிடுவார். பல வருடம் அதைப் பார்த்துக்கொண்டுதான் தண்ணீர் அள்ளினேன். படிப்பித்தது இரசாயனம் என்பதை இன்னொரு தடவை எழுதிவைக்கிறேன்.

மகளுக்கு ஐந்து வயது. வயிற்றுக்குத்து, சாப்பாட்டில் மனமில்லை, முகம் வெளிறிக் கிடந்தது. ஆசுப்பத்திரியில் இரத்தம் குறைவென்று மருந்து தந்தார்கள். மாதக் கணக்கில் குணமில்லை. ஒருநாள் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோய், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வற்றவைத்து, அழுகிய முட்டை மணக்கிற அந்த வாயுவை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் கறுத்தது. ஈயம். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சோதனைக் குழாயைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

பங்காளியோடு சண்டை பிடித்தேன். அவர் பட்டறையைச் சந்தைப் பக்கம் மாற்றினார். கிணற்றை மாற்ற முடியாதே. களிமண்ணுக்கு ஈயத்தைத் தன்னோடு பிடித்துவைக்கும் குணம் உண்டென்று படித்திருந்தேன். குளத்துக் களியைக் காயவைத்து, இடித்து, அரித்து, குடிதண்ணீர்ப் பானையில் போட்டுக் கலக்கினேன். களி அடியில் படிந்த பிறகு தெளிந்த தண்ணீரைத் துணியில் வடித்தேன். திரும்பவும் அதே சோதனை. தண்ணீர் கறுக்கவில்லை.

"இனிப் பயமில்லை. தண்ணி சுத்தம்" என்று மனைவியிடம் சொன்னேன். என் கெட்டித்தனத்தில் எனக்கு அப்போது நல்ல மிதப்பு.

அதன்பின் கலக்குவதும் வடிப்பதும் அவள் வேலையானது. ஒரு வருடம் நாள் தவறாமல் செய்தாள். மகள் மட்டும் தேறவில்லை. ஒரு சனிக்கிழமை, பானை கழுவிக்கொண்டிருந்தவளிடம் சும்மா கேட்டேன்.

"அடியிலை கிடக்கிற களியை எங்கை கொட்டுறனீ?"

"கொட்டுறதோ? கீரைப் பாத்திக்கெல்லோ போடுறனான். பாருங்கோவன், என்ன செழிப்பெண்டு. பிள்ளைக்கு இரத்தம் ஊறட்டும் எண்டு ரெண்டு நேரமும் அதைத்தானே கடைஞ்சு குடுக்கிறன்."

எங்கள் பக்கத்தில் கிணறு இறைத்த சேற்றையும் குளத்து மண்ணையும் தோட்டத்துக்குத்தான் போடுவார்கள். அதை எறிகிறவனை விசரன் என்பார்கள். அவள் செய்ததில் பிழையில்லை. தண்ணீர் சுத்தம் என்று சொன்ன நான், தண்ணீரில் இருந்த நஞ்சு இப்போது களியில் இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று தோன்றவுமில்லை.

அன்றே பாத்தியைக் கொத்தி, மண்ணைச் சாக்கில் அள்ளி, ஊருக்கு வெளியே ஆளில்லாத தரவை வெளியில் ஆழமாகப் புதைத்தேன்.

"உங்களுக்கென்ன விசரே? பிள்ளைக்கு இனி என்னத்தைக் குடுக்கிறது?" என்று அவள் கத்தினாள்.

வேரில் பூச்சி என்றேன்.

அன்றுமுதல் பானைக் களியை நானே கொண்டுபோய்ப் புதைத்தேன். மகள் பிறகு மெல்ல மெல்லத் தேறினாள், உடம்பால். எழுத்துக் கூட்டவும் இரண்டாம் வாய்ப்பாடு சொல்லவும் அவளுக்கு வரவேயில்லை. "நாங்கள் நல்லாத்தானே பாத்தனாங்கள்" என்று மனைவி இப்போதும் சொல்லுவாள். ஓம் என்பேன். அந்தக் கீரையைக் கவளம் கவளமாக ஊட்டியது அவள் கை. நான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.