இடது கை தெரிந்த படம்

என் தங்கை கீர்த்திக்கு அப்போது பத்தொன்பது வயது. திருப்பதியில் புகைப்படக் கலை படித்துக்கொண்டிருந்தாள். 2021 ஏப்ரலில் கொரோனாவால் விடுதியை மூடியதும், கல்லூரியிலிருந்து இரவல் வாங்கிய நீள லென்ஸோடு நகரியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிய நானும் அந்த மாதம்தான் திரும்பியிருந்தேன். நான் எப்போது ரயில் விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'வீடும் வீட்டு மனிதர்களும்' என்று கல்லூரியில் முப்பது படம் கேட்டிருந்தார்கள். நின்றுபோன விசைத்தறிகள் மேல் அம்மா காயப்போட்ட முகக்கவசங்கள், சோப்புத் தண்ணீரில் மிதக்கும் பால் பாக்கெட்டுகள், மதியத் தூக்கத்தில் என் பாதங்கள் என்று எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"பாத்திரம் கழுவறத எடுத்துக் குடுத்தா டிகிரி குடுப்பாங்களா?" என்றார் நைனா, எங்கள் அப்பா. "அப்ப உங்கம்மா ஷோபாவுக்கு இதுக்குள்ள எத்தினி டிகிரி வந்திருக்கணும்."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்களுக்கு ஒண்ணும் வராது, போங்க" என்றாள்.

அந்த வாரம் நைனாவின் அண்ணன், கன்னையா பெரியப்பா, காய்ச்சலோடு திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரிக்குள் தன் காலாலேயே நடந்து போனார். ஒன்பதாம் நாள் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. எங்களில் ஒருவரும் முகம் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களே எரித்துவிட்டார்கள். அதற்குப் பத்து நாள் கழித்து நைனாவுக்குக் காய்ச்சல் வந்தது.

முற்றத்துக்கு எதிரே நூல் மூட்டை வைக்கும் அறையில் தனியாகப் படுத்தார். வாசலில் தட்டை வைத்துவிட்டு அம்மா நகர்ந்து வருவாள். பேசினால் இருமல் வந்ததால் அவர் பேச்சை நிறுத்தினார். காலையும் மாலையும் விரலில் ஆக்சிஜன் மீட்டரை மாட்டிப் பார்த்து, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று எண்ணைக் கையால் காட்டுவார். தறி ஓடும்போது கத்தினாலும் காதில் விழாது. எத்தனை புடவை, எத்தனை மீட்டர் என்பதையெல்லாம் தறிக்காரர்கள் விரலில்தான் சொல்வார்கள். நைனா ஒரே கையை ஐந்தும் நாலுமாக விரித்து முதலில் ஒன்பது, ஐந்தும் ஒன்றுமாகப் பிறகு ஆறு. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றுநாலுக்குக் கீழே போனால்தான் ஆஸ்பத்திரி. அம்மா கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போவாள். விரல் கணக்கில் அவர் ஒரு மீட்டர்கூடத் தப்பாகச் சொன்னதில்லை.

கீர்த்தி எதிர்ப்புறத்திலிருந்து நாள் தவறாமல் அதைப் படமெடுத்தாள்.

நாலாம் நாள் காலை நைனா தடுமாறி, இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். வலது கை ஒன்பதும் ஆறும் காட்டி முடித்தது. அவள் உள்ளே வந்து, அந்தப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய், சட்டென்று நிறுத்தினாள். கேமராவை என்னிடம் நீட்டினாள்.

இடது விரலில் மீட்டர். சிவப்பில் எண்பத்துநான்கு.

முந்திய மூன்று நாள் படங்களையும் தேடினோம். எல்லாவற்றிலும் இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். நானும் போனேன். நைனா கண்ணாடியை ஒரு விரல் அகலம் நகர்த்தினார்.

"எத்தினி நாளா பொய் சொல்லிக்கினு இருக்க நைனா?"

"அத அழிச்சிடு கண்ணு. ரெண்டு நாள்ல சரியாப் பூடும்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினார். "உங்க பெரியப்பா நடந்துதான போனாரு. இன்னா ஆச்சி? செத்தா இங்கயே சாவறேன். நீங்க மூஞ்சியாச்சும் பாப்பீங்க."

அவள் கட்டைவிரல் அழிக்கும் பொத்தான் மேலேயே இருந்தது. நானாக இருந்தால் அழுத்தியிருப்பேன். போனவர் யாரும் திரும்பாத மாதம் அது. அவரை அனுப்பவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

கீர்த்தி அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் காட்டினாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னாடி இப்படி இளைச்சிப் பூட்டாரு" என்றாள். அதற்குப் பிறகுதான் எண் கண்ணில் பட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். 108-க்கு கீர்த்தியே போன் செய்தாள்.

வண்டி வர நாலு மணி நேரமானது. நைனா சட்டை போட்டுக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். கதவு மூடும் முன் கீர்த்தியைப் பார்த்தார்.

"நீதான் அனுப்பற. ஞாபகம் வெச்சிக்கோ."

திருப்பதியில் படுக்கை கிடைத்தது. கூட யாரையும் விடவில்லை. ஐந்து நாள் அவர் போன் அணைந்தே இருந்தது. வார்டுக்கு அழைத்தால் யாரோ எடுத்து, தெலுங்கில் "ஆக்சிஜன் மீத உன்னாரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார்கள். ஆக்சிஜனில் இருக்கிறார், அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அத்தை யாரிடமோ, "பொண்ணே புடிச்சி அனுப்பிடுச்சாம்மே" என்று சொல்வது எங்களுக்குக் கேட்டது. கீர்த்தி கேமராவைத் தொடவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்தாள். ஒரு மதியம் என்னிடம், "நைனாவுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா நீ மறுபடி ஊர் சுத்தப் பூடுவ. நான் எங்கக்கா போவேன்?" என்றாள்.

ஆறாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. திருப்பதி எண். பெரியப்பாவின் தகவலும் இதே நேரத்தில்தான் வந்தது. அம்மா போனைத் தொடாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கீர்த்திதான் எடுத்தாள்.

"சந்திரன்காரி அம்மாயேனா?" நைனாவின் பெயரைச் சொல்லி, அவர் பெண்ணா என்று கேட்டது ஒரு நர்ஸின் குரல்.

"அவுனு," ஆமாம் என்றாள் கீர்த்தி.

போன் கைமாறும் சத்தம். பிறகு நைனாவின் குரல், துண்டு துண்டாக. "என் மூக்குக் கண்ணாடி... அங்கயே வெச்சிட்டேன். எடுத்துக்கினு வரச் சொல்லு." கொஞ்சம் மூச்சு. "நீ வராத. அக்காவ அனுப்பு."

அம்மா போனைப் பிடுங்குவதற்குள் வைத்துவிட்டார்கள்.

கோபத்தில் சொன்னாரா, தொற்று வந்துவிடும் என்று சொன்னாரா, எங்களுக்குத் தெரியவில்லை. கீர்த்தி நூல் மூட்டைகளுக்கு நடுவே தேடி மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்தாள். டெட்டாலில் துடைத்து, கவரில் போட்டு ஒட்டினாள். நான் ஸ்கூட்டியை வெளியே தள்ளியபோது பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"உன்ன வர வேணான்னாரே."

"கேட்டுக்கு வெளிய நின்னுக்கறேன்க்கா. நீ உள்ள பூட்டு, ஜன்னல் வழியாவாச்சும் பாத்துட்டு வந்து எப்படிக்கீறார்னு சொல்லு. அவரு சொல்றத சொல்லாத, நீ பாத்தத சொல்லு."