விண்ணப்பத்தில் எழுதாத நான்கு ஆண்டுகள்

வாலாஜாபேட்டை சாமுவேல், விஜயகுமாரி இருவரின் இளைய மகன் ஜோசுவா பிறந்தது 1998 ஆகஸ்ட் பதினொன்றாம் நாள். பள்ளிச் சான்றிதழில் ஜூன் ஒன்று என்றிருக்கும். ஓராண்டு முந்திச் சேர்ப்பதற்காகத் தலைமையாசிரியர் செய்த ஏற்பாடு அது. தாள் ஒன்று சொல்ல, நடப்பு வேறொன்றாக இருப்பது அவன் வாழ்வில் அப்போதே தொடங்கிவிட்டது எனலாம்.

2019இல் வேதிப்பொறியியலில் பட்டம் பெற்றான். பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் சற்றே நிமிர்ந்து உட்காரும் பல்கலைக்கழகம் அது. சென்னையில் கிடைத்த முதல் வேலை, பெருந்தொற்றுக் காலத்தில் கம்பெனியோடு சேர்ந்தே போயிற்று. மறு ஆண்டு தந்தை காலமானார். தாய் மூத்த மகனுடன் ஓசூருக்குப் போய்விட்டார். ஜோசுவா மூன்றாண்டுகள் நேர்காணல்களுக்கு அலைந்தான். சென்னையில், "அங்க படிச்சிட்டா இவ்ளோ நாள் சும்மா இருந்தீங்க?" என்று சந்தேகப்பட்டார்கள். ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில், "உனக்கெல்லாம் இங்க இன்னா வேல? ஆறே மாசத்துல பறந்துடுவ" என்று சிரித்து அனுப்பினார்கள். ஒரே பெயர் இரண்டு இடத்திலும் குறுக்கே நின்றது.

2023 பிப்ரவரியில், ஆம்பூருக்கும் மாதனூருக்கும் இடையிலுள்ள ஒரு தோல் தொழிற்சாலையின் விண்ணப்பத்தில், படிப்பு என்ற கட்டத்துக்குள் 'பிளஸ் டூ' என்று மட்டும் எழுதினான். அன்றே வேலை கிடைத்தது.

அது பதனிட்ட தோல்களைத் தரம் பிரிக்கும் மேசை. தோலின் பின்புறம், அதைப் பதனிட்ட டேனரியின் முத்திரை இருக்கும். தரம் சொல்லி முடிக்கும்வரை தோலைத் திருப்பக் கூடாது என்பது அந்த மேசையின் கட்டுப்பாடு. "முத்திரைய பாத்துட்டா கண்ணு ஓரவஞ்சன பண்ணும்பா" என்பார் மேசைக்குப் பொறுப்பாளரான வாஹித் பாஷா. யார் பெயரையும் கேளாமல், கையால் தடவிப் பார்த்தே மதிப்புச் சொல்லும் அந்த வேலை ஜோசுவாவுக்குப் பிடித்துப்போயிற்று.

அதைவிடப் பிடித்தது மதியச் சாப்பாட்டு நேரம். வாஹித் பாஷாவும், தோல்களை அளந்து எண்ணிடும் மேகலாவும், அவனும் தரையில் அட்டையை விரித்து உட்காருவார்கள். ஆம்பூரில் அவன் இருந்தது ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயம் முடிந்து வந்தால் தாயிடம் தொலைபேசியில் பேசுவான். அதன் பிறகு திங்கள் காலைவரை அவன் பேச ஆளில்லை. அவனை 'டேய்' என்று கூப்பிட மீதியிருந்த இடம் அந்த அட்டை ஒன்றுதான். அதை இழந்துவிடக் கூடாது என்ற ஒரே அச்சத்தோடு அவன் இரண்டு ஆண்டுகளை ஓட்டினான்.

சென்ற ஆண்டு ஜூலையில் மேகலா அவனிடம் கேட்டாள்: "என் பொண்ணுக்கு அந்தப் பெரிய காலேஜ்ல சீட்டு வந்துருக்குது. அங்க போடலாமா, இல்ல பக்கத்துல இருக்கறதே போதுமா? காலேஜ் பேரு பின்னால ஒதவுமா இன்னா?"

அவள் சொன்னது அவன் படித்த பல்கலைக்கழகத்தை.

"எனக்கு இன்னா தெரியும்க்கா? நான் பிளஸ் டூ."

"அவனப் போயி கேக்கற பாரு" என்றார் வாஹித் பாஷா. "சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தியா கம்மியான்னே அவனுக்குத் தெரியாது."

மறுநாளும் ஒருமுறை கேட்டாள். அப்போதும் அதே பதில். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று சூப்பர்வைசர் சொன்னதை நம்பி, மகளைப் பக்கத்துக் கல்லூரியிலேயே சேர்த்தாள்.

இந்த ஜனவரியில் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து நாற்பது மாணவர்கள் தொழிற்சாலையைப் பார்வையிட வந்தார்கள். ஜோசுவா தலையைத் தூக்கவில்லை. கறுப்புத் தோல் ஒன்றில் திட்டுத்திட்டாக வெண்மை படிந்திருந்தது. அது என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். "ஃபங்கஸ்ஸும்மா" என்றார் சூப்பர்வைசர். மாணவி அதை நோட்டில் எழுதத் தொடங்கினாள். ஜோசுவாவால் பொறுக்க முடியவில்லை.

"ஃபங்கஸ் இல்லீங்க. தோலுக்குள்ள இருக்கற கொழுப்பு குளிர்ல மேல வந்து உறையுது. சூடு காட்டுனா மறைஞ்சிடும்" என்றவன், காரணத்தை ஆங்கிலத்தில் முழுதும் விளக்கிவிட்டான்.

உடன் வந்திருந்த பேராசிரியை திரும்பிப் பார்த்தார். "ஜோசுவா சாமுவேல்தானே? 2019 பேட்ச்?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவன், "ஆமா மேடம்" என்றான்.

மாலையில் மேனேஜர் அழைத்தார். கோபிக்கவில்லை, பூரித்துப்போயிருந்தார். "இந்தப் பேர வச்சிக்கிட்டா கீழ நின்னுட்டு இருந்த? தோல் வாங்க வர்ற பையர்ஸ் கேட்டா அசந்துடுவாங்க." திங்கள்கிழமை முதல் அவனுக்கு மேல்மாடியில் மேசை, வெள்ளைக் கோட்டு. ஈராண்டு கைவேலை நகர்த்தாத ஆளை ஒரு பெயர் ஒரு பிற்பகலில் நகர்த்திவிட்டது.

திங்கள் மதியம் அவன் டிபன் பாக்ஸுடன் கீழே இறங்கினான்.

"வாங்க சார்" என்றார் வாஹித் பாஷா.

"பாய், சார்லாம் வேணாம்."

"மேனேஜரப் பத்தி நாங்க பேசுனதெல்லாம் ஞாபகம் இருக்குதா சார், இல்ல எழுதியே வச்சிட்டீங்களா?" அவர் சிரித்தார். அவன் சிரிப்பதற்குள் அந்தச் சிரிப்பு முடிந்துவிட்டது.

மேகலா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "ரெண்டு தபா கேட்டேன் உன்ன."

"பயமா இருந்துச்சிக்கா. தெரிஞ்சா அனுப்பிடுவாங்கன்னு."

"எங்களுக்குத் தெரிஞ்சா யாரு அனுப்புவா? நாங்களா உனக்கு வேல குடுத்தோம்?" அவள் நிமிர்ந்தாள். "இப்பவாவது சொல்லு. அந்தப் பேருக்கு மதிப்பு உண்டா, இல்லியா?"

அவன் யோசித்தான். இம்முறை பொய் சொல்ல மனம் வரவில்லை. "மூணு வருஷம் மதிப்பே இல்லக்கா. அன்னிக்கி ஒரு நாள் இருந்துச்சி."

"அந்த ஒரு நாளு என் பொண்ணுக்கு வராது இல்ல?"

அவன் அட்டையின் ஓரத்தில் உட்காரக் குனிந்தான். மேகலா எழுந்து போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். முந்தானையால் அதைத் துடைக்கவும் செய்தாள்.

"உக்காருங்க" என்றாள்.

அவன் உட்கார்ந்தான். டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். கீழே இருவரும் அட்டையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மறுநாளிலிருந்து அவன் மேல்மாடியிலேயே சாப்பிடத் தொடங்கினான்.