கடக ராசி, பூச நட்சத்திரம்

நாட்டின் பெயரில் அர்ச்சனை செய்யலாம் என்பதைப் பினாங்குக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன். எங்கள் விமானங்கள் எல்லை தாண்டிக் குண்டு போட்ட வாரம் அது. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து பாயான் பாருவில் குடியிருக்கும் நாங்கள் வெற்றிக்காக ஜார்ஜ் டவுன் கோவிலில் பூசை வைத்தோம். வைத்தோம் என்ன, வைத்தார்கள். நான் குண்டு போட்ட மறுநாளே ஓர் இணைய இதழில் அந்தக் குண்டுவீச்சைக் கண்டித்து எழுதியிருந்தேன். அங்கே செத்ததும் பிள்ளைகள்தான், அதற்கு லட்டு கொடுக்கிறோமே, வெட்கமாக இல்லையா என்று கேட்டிருந்தேன். இன்றும் அதில் ஒரு வரியை மாற்ற மாட்டேன்.

லட்டு கொடுத்தவர்களில் எதிர் வீட்டு அக்காவும் ஒருவர். விருதுநகர்க்காரர். அவருடைய தம்பி ராணுவத்தில், அதே எல்லையில் இருந்தான். கட்டுரை வந்ததிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. லிஃப்டில் என்னைக் கண்டால் கைப்பேசியை எடுத்து வைத்துக்கொள்வார்.

அவரிடம் பேசத்தான் பூசைக்குப் போனேன். சாமியிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

அர்ச்சனைச் சீட்டு எழுதிய உள்ளூர்க்காரர் பெயர், ராசி, நட்சத்திரம் கேட்டார். எங்கள் சங்கத் தலைவர் நாட்டின் பெயரைச் சொன்னார். சுதந்திரம் வாங்கிய நேரத்தைக் கணக்கிட்டு, "கடக ராசி, பூச நட்சத்திரம்" என்றார்.

"நாட்டுக்கும் நட்சத்திரம் இருக்கா அண்ணே? நமக்குத் தெரியாது லா," என்றபடி அவர் எழுதிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து நின்றவர் அக்கா. தம்பியின் பெயரைச் சொன்னார். நட்சத்திரம் சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்கு ஏன்தான் சிரித்தோம் என்றாகிவிட்டது.

பூசை முடிந்ததும் பிரகாரத்தில் அவரிடம் போனேன். "அக்கா, உங்க தம்பிய நான் ஒண்ணும் சொல்லல. சண்டைய மூட்டுனவங்களத்தான் சொன்னேன்."

"தெரியும். படிச்சேன். தப்புன்னு சொல்ல மாட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா பேச மாட்டேங்குறீங்க?"

"அது சரின்னு ஒத்துக்கிட்டா, அவன் எதுக்கு அங்க நிக்கிறான்னு நான் என்னத்தச் சொல்லி மனசத் தேத்திக்கிறது? அவன் வீடு வந்து சேரட்டும்."

சண்டை ஓய்ந்தது. தம்பி விடுப்பில் ஊருக்கு வந்தான். நல்லபடியாகத்தான் வந்தான், கை கால் எல்லாம் இருந்தது. மறுவாரம் ஒரு மாலை அக்கா என் கதவைத் தட்டினார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நம்ம பக்கம் எல்லையோர ஊர்ல அவங்க குண்டு விழுந்து செத்த புள்ளைங்கள இவன்தான் தூக்கிட்டு வந்தானாம். வீட்ல அண்ணன் புள்ளையத் தூக்கச் சொன்னா, மாட்டேங்குறானாம்," என்றார். "நீங்க எழுதுனது சரிதான்."

எழுதுகிறவன் எல்லோரிடமிருந்தும் கேட்க ஏங்குகிற வார்த்தை அது. அவர் வாயால் அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.